பின் ஆக்சிலில் எல்.எஸ்.டி. போய்விட்டதா? செட்டிநாட்டு வண்டிக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஐப்பசியில் நாலு மழை விழுந்துவிட்டால் போதும், காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் பக்கத்து மெக்கானிக்குகளிடம் ஒரே புகார் திரும்பத் திரும்ப வரும். "தோப்புக்குப் போற பாதையில ஒரு பின்சக்கரம் மட்டும் சும்மா சுத்துது, எல்.எஸ்.டி. போயிருச்சா அண்ணே?" போயிருக்கலாம். ஆனால் ஆயில், டயர், ஏபிஎஸ் வயர் என்று வெளியே இருக்கும் காரணங்களே அதிகம். பின் ஆக்சிலின் நடுவில் இரண்டு சக்கரத்துக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃப்ரன்ஷியலைத் (எல்.எஸ்.டி. அதில் ஒரு வகை) திறப்பது கடைசி வேலையாக இருக்க வேண்டும். அதற்கு முன்னால் வீட்டு வாசலிலேயே பார்த்துவிடக்கூடியவற்றைக் கேள்வி பதிலாக எழுதியிருக்கிறேன்.

எல்.எஸ்.டி. என்பது என்ன வேலை செய்கிறது?

வண்டி திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் உள்பக்கச் சக்கரத்தைவிட அதிக தூரம் ஓட வேண்டும். அதற்கு இடம் கொடுப்பதுதான் டிஃப்ரன்ஷியல். சாதா டிஃப்ரன்ஷியலில் ஒரு குறை உண்டு. அது இரண்டு பக்கத்துக்கும் ஒரே அளவு முறுக்கு விசையைத்தான் கொடுக்கும். ஒரு சக்கரம் சேற்றில் பிடிப்பில்லாமல் நின்றால், அந்தச் சக்கரம் தாங்கும் கொஞ்ச விசைதான் கெட்டித் தரையில் இருக்கும் சக்கரத்துக்கும் கிடைக்கும். வண்டி நகராது.

அந்த வழுக்கலுக்கு ஓர் எல்லை வைப்பது லிமிடெட் ஸ்லிப் டிஃப்ரன்ஷியல், சுருக்கமாக எல்.எஸ்.டி. 1930களில் ஜெர்மனியின் ஆட்டோ யூனியன் பந்தயக் கார்களுக்காக இசட்.எஃப். நிறுவனம் இதைச் செய்தது. 1956இல் அமெரிக்காவில் பேக்கார்டு, ஸ்டூடிபேக்கர் கார்களில் சாதாரண வாடிக்கையாளர்களுக்கும் வந்தது.

என் வண்டியில் அது இருக்கிறதா?

இதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். இல்லாத பொருளைப் பழுது பார்க்கச் சொல்லி வருகிறவர்கள் உண்டு. பெரிய வீடுகளின் பின்கட்டில் நிற்கும் அம்பாசடரிலும் பத்மினியிலும் சாதா டிஃப்ரன்ஷியல்தான். முன்சக்கரம் இழுக்கும் சின்னக் கார்களிலும் நம் ஊரில் எல்.எஸ்.டி. வருவதில்லை. திரும்பும்போது அவற்றில் கேட்கும் 'டக் டக்' சத்தம் பெரும்பாலும் சக்கரத்துக்கு விசை கொண்டுபோகும் சி.வி. ஜாயிண்டின் தேய்மானம்.

டாடா சஃபாரி ஸ்டோர்மின் சில ரகங்களில் எல்.எஸ்.டி. வந்தது. 2020இல் வந்த மஹிந்திரா தாரின் சில ரகங்களிலும், பொலேரோ நியோவின் என்10 ஆப்ஷன் ரகத்திலும் இருப்பது தானாகப் பூட்டிக்கொள்ளும் மெக்கானிக்கல் லாக்கிங் வகை. ஃபோர்ஸ் கூர்க்காவில் ஓட்டுநரே கையால் பூட்ட வேண்டும். ஃபார்ச்சூனர் நாலு வீல் டிரைவில் அதற்கு ஒரு சுவிட்ச் உண்டு. இந்த இரண்டும் எல்.எஸ்.டி. அல்ல, பூட்டினால் முழுப் பூட்டு, விட்டால் சாதா டிஃப்ரன்ஷியல்.

ஒரே பெயரில் ஓடும் வண்டிகளில்கூட ரகத்துக்கு ரகம் மாறும். உங்கள் வண்டியின் கையேட்டைப் பாருங்கள். பழைய வண்டி என்றால் ஆக்சில் ஹவுசிங்கில் தொங்கும் தகட்டையோ, ஆயில் ஊற்றும் போல்ட் பக்கத்தில் இருக்கும் எச்சரிக்கையையோ தேடுங்கள்.

எந்த வகை என்று தெரிந்து எனக்கு என்ன ஆகப்போகிறது?

எல்லாமே அதில்தான் இருக்கிறது. ஒரு வகையில் கோளாறாக இருப்பது இன்னொரு வகையில் இயல்பு.

பிளேட் வகையில் உள்ளே சின்னச் சின்ன கிளட்ச் பிளேட்டுகள் அடுக்காக இருக்கும். ஸ்பிரிங் அவற்றை எப்போதும் கொஞ்சம் அழுத்திக்கொண்டே இருக்கும். இவை தேயும், ஆயிலைப் பொறுத்து நடந்துகொள்ளும். சாய்ந்த பற்களுள்ள கியர் வகையில் பிளேட்டே கிடையாது. டார்சன் இந்த வகைதான். அதில் தேய்மானம் குறைவு, ஆனால் ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் அது கிட்டத்தட்ட சாதா டிஃப்ரன்ஷியல் மாதிரி ஆகிவிடும். அப்போது பிரேக்கை லேசாக மிதித்தபடி ஆக்சிலரேட்டர் கொடுத்தால் மறுபக்கம் பிடிக்கும். விஸ்கஸ் வகையில் சிலிக்கோன் திரவம் சூடாகிக் கெட்டிப்படும். அது மூடிய பெட்டி, கெட்டால் மாற்றத்தான் வேண்டும்.

ஈட்டன் நிறுவனத்தின் தானியங்கிப் பூட்டு வகையில், இரண்டு சக்கரங்களின் வேக வித்தியாசம் நிமிடத்துக்குச் சுமார் 100 சுற்றைத் தாண்டினால் 'டக்'கென்று பூட்டும். மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் ஓடும்போது பூட்டாது. சக்கரம் முதலில் கொஞ்சம் வழுக்கிய பிறகுதான் பிடிக்கும். அந்த முதல் வழுக்கலையும் அந்தச் சத்தத்தையும் கோளாறு என்று நினைத்து வருகிறவர்களே அதிகம்.

சந்தில் ஒடித்துத் திருப்பும்போது பின்பக்கம் கடகடவென்று நடுங்குகிறது. நேராக ஓடும்போது ஒன்றுமில்லை. இது என்ன?

நாலு வீல் டிரைவ் வண்டி என்றால் லீவர் எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள். பகுதி நேர நாலு வீல் வண்டியை 4எச்சில் (நாலு சக்கரமும் இழுக்கும் நிலை) போட்டுத் தார் ரோட்டில் திருப்பினால், முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் ஒன்றையொன்று இழுக்கும். ஸ்டியரிங் கனக்கும், டயர் துள்ளும், வண்டி பிரேக் பிடித்தது போல் நிற்கும். கண்மாய்க் கரையிலிருந்து ஏறிவந்து லீவரை மாற்ற மறந்தால் இதுதான் நடக்கும். 2எச்சுக்கு (பின்சக்கரங்கள் மட்டும் இழுக்கும் நிலை) மாற்றிக் கொஞ்சம் பின்னால் எடுத்து ஓட்டிப் பாருங்கள். நடுக்கம் போய்விட்டால் வேறு வேலையே இல்லை.

2எச்சிலும் நடுங்குகிறது, உங்களுடையது பிளேட் வகை என்றால் அடுத்த சந்தேகம் ஆயில் மேல். பிளேட்டுகள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு நகர வேண்டும். அதற்காக ஆயிலில் ஃபிரிக்‌ஷன் மாடிஃபையர் என்ற சேர்மானம் இருக்கும். அது பழையதாகிவிட்டாலோ, கடைசி சர்வீஸில் யாரோ சாதா கியர் ஆயிலை ஊற்றியிருந்தாலோ, பிளேட்டுகள் பிடித்துப் பிடித்து விடும். அந்தப் பிடித்து விடுவதுதான் உங்களுக்கு நடுக்கமாகத் தெரிகிறது. சர்வீஸ் முடிந்த சில நாளில் நடுக்கம் ஆரம்பித்திருந்தால் பில்லை எடுத்து என்ன ஆயில் என்று பாருங்கள்.

சரியான ஆயிலை மாற்றியதும் ஒரு காலிப் பொட்டலுக்குப் போய், மெதுவாக, எட்டுப் போட்டபடி இரண்டு பக்கமும் பத்துப் பன்னிரண்டு முறை திருப்புங்கள். புது ஆயில் பிளேட்டுகளுக்கு இடையே போய்ச் சேர வேண்டும். பல வண்டிகளில் நடுக்கம் அங்கேயே குறைந்துவிடும். அதற்குப் பிறகும் அதே வேகத்தில் நடுங்கினால்தான் பிளேட் கருகியிருக்கலாம், ஸ்பிரிங் உடைந்திருக்கலாம் என்று பேச ஆரம்பிக்கலாம்.

சேற்றில் ஒரு சக்கரம் மட்டும் சுற்றுகிறது. அப்படியானால் போய்விட்டது என்றுதானே அர்த்தம்?

பிளேட் வகையில் அப்படி இருக்க வாய்ப்பு அதிகம். பிளேட் தேய்ந்தால் அழுத்தம் குறையும், அப்புறம் அது சாதா டிஃப்ரன்ஷியலாகத்தான் வேலை செய்யும். சத்தமில்லாமல், அறிகுறியில்லாமல் நடப்பதால், மழைக்காலம் வரும்வரை யாருக்கும் தெரிவதில்லை. ஃபிரிக்‌ஷன் மாடிஃபையரை அளவுக்கு மேல் ஊற்றினாலும் இதே நிலைதான்.

தானியங்கிப் பூட்டு வகையில் நீங்கள் எப்படி ஓட்டுகிறீர்கள் என்பதையும் பார்க்க வேண்டும். ஆக்சிலரேட்டரைத் தொட்டும் தொடாமலும் வைத்திருந்தால் சக்கரம் மெதுவாகச் சுற்றும், பூட்டுவதற்கான வேகம் வராது. நிதானமாக, விடாமல் கொஞ்சம் கூட்டிக்கொண்டே போங்கள். பூட்டியதும் வண்டி ஏறும். பயந்துபோய் ஒரேயடியாக மிதித்தால், வேகமாகச் சுற்றும் சக்கரம் சட்டென்று பூட்டும்போது உள்ளே இருக்கும் பாகங்கள் உடையும்.

பிரேக் மூலம் வேலை செய்யும் வகையும் உண்டு. சுற்றும் சக்கரத்தை ஏபிஎஸ் பிடித்து நிறுத்தி, மறு சக்கரத்துக்கு விசையை அனுப்பும். டேஷ்போர்டில் ஏபிஎஸ் விளக்கு எரிந்துகொண்டிருந்தால் அது வேலை செய்யாது. சக்கரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் வேக சென்சார் வயரைப் பாருங்கள். முள்ளும் குச்சியும் இழுத்து வயர் அறுந்திருப்பது நம் பக்கத்துக் காட்டுப் பாதைகளில் சாதாரணம்.

ஜாக்கி போட்டுக் கையால் சுற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்கிறார்களே?

ஓரளவுக்கு. வண்டியைக் கெட்டியான சமதளத்தில் நிறுத்துங்கள். செம்மண் தரையில் ஜாக்கி போட வேண்டாம். மேலே காய்ந்து கிடந்தாலும் மழைக்குப் பிறகு உள்ளே இறங்கும். முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுத்து, பின்னால் இரண்டு சக்கரத்தையும் தூக்கி, ஆக்சிலை ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். எஞ்சினை நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக்கை விட்டுவிட்டு ஒரு சக்கரத்தைச் சுற்றுங்கள்.

மறு சக்கரம் அதே திசையில் சுற்றினால் பிளேட்டுகளில் அழுத்தம் இருக்கிறது. எதிர்த்திசையில் லேசாகச் சுற்றினால் பிளேட் வகையில் அழுத்தம் போய்விட்டது, அல்லது அது சாதா டிஃப்ரன்ஷியல்.

டார்சன் போன்ற கியர் வகையும், தானியங்கிப் பூட்டும் நல்ல நிலையில் இருக்கும்போதே எதிர்த்திசையில் சுற்றலாம். கையால் மெதுவாகச் சுற்றும்போது விஸ்கஸும் அப்படித்தான். இந்த ஒரு சோதனையை வைத்து அவற்றைக் கழித்துக்கட்டிவிடக் கூடாது.

பிளேட் வகைக்கு இன்னும் நம்பகமான வழி டார்க் ரெஞ்ச், அதாவது திருப்பும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர். ஒரு பின்சக்கரத்தை மட்டும் தூக்கி, மற்றதைத் தரையில் விட்டுக் கட்டை கொடுத்து, நியூட்ரலில், தூக்கிய பக்கத்து ஹப்பை (சக்கரம் பொருந்தும் நடுப்பகுதி) தகுந்த அடாப்டர் போட்டு டார்க் ரெஞ்சால் சுற்ற வேண்டும். நகர ஆரம்பிக்க எவ்வளவு விசை தேவைப்படுகிறது என்று பார்த்து, சர்வீஸ் மேனுவலில் உள்ள அளவோடு ஒப்பிட வேண்டும். அது சீராகச் சுற்றுகிறதா, விட்டு விட்டுப் பிடிக்கிறதா என்பதும் முக்கியம். இந்தச் சோதனையைச் செய்யாமல் "பிளேட் மாத்தணும்" என்று சொல்பவரிடம் ஏன் செய்யவில்லை என்று கேளுங்கள்.

ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கி, ஸ்டார்ட் செய்து கியரில் போட்டுப் பார்க்கலாமா?

கூடவே கூடாது. சாதா டிஃப்ரன்ஷியலில் தூக்கிய சக்கரம் மட்டும் சுற்றும். எல்.எஸ்.டி. வண்டியில் தரையில் இருக்கும் சக்கரமும் இழுக்கும். வண்டி ஜாக்கியை விட்டுப் பாய்ந்துவிடும். கீழே ஆள் படுத்திருந்தால் உயிர் போகும். பஞ்சர் கடையில் யாராவது அப்படிச் சுற்றிப் பார்க்கப் போனால் சாவியை எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

நேராக ஓடும்போது 'ஊஉ' என்று ஊளை போல் சத்தம் வருகிறது. எல்.எஸ்.டி.யா?

நேராக ஓடும்போது இரண்டு சக்கரமும் ஒரே வேகத்தில் சுற்றுகின்றன. எல்.எஸ்.டி. பிளேட்டுகளுக்கு அப்போது வேலையே இல்லை. எனவே சந்தேகம் வேறு இடத்தில் விழ வேண்டும்.

ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது வருகிறதா, காலை எடுத்ததும் வருகிறதா என்று கவனியுங்கள். மிதித்தால் வந்து, காலை எடுத்தால் மாறுகிற ஊளைச் சத்தம் கிரவுன்-பினியன் (விசையை ஆக்சிலுக்குத் திருப்பிவிடும் கியர் ஜோடி) பற்கள் பொருந்தாததைக் காட்டும். எப்போதும் ஒரே மாதிரி உறுமல் என்றால் பேரிங். வண்டியை லேசாக இடமும் வலமும் சாய்த்து ஓட்டும்போது கூடிக் குறைந்தால் வீல் பேரிங். தார் ரோட்டிலிருந்து சிமெண்ட் ரோட்டுக்கு ஏறியதும் சத்தம் மாறினால் அது டயர். ஆக்சிலைத் தொடவே வேண்டாம்.

கியர் போட்டு எடுக்கும்போது 'டொக்' என்று அடிக்கிறது.

வண்டிக்குக் கட்டை கொடுத்துவிட்டு, நியூட்ரலில், கீழே இறங்கி, பின் ஆக்சிலுக்கு விசை கொண்டுவரும் புரொபெல்லர் ஷாஃப்டைக் கையால் முன்னும் பின்னும் திருகுங்கள். ஜாயிண்டில் ஆட்டம் தெரிந்தால் யூ.ஜே. கிராஸ் (ஜாயிண்டின் நடுவில் இருக்கும் சிலுவைத் துண்டு) போயிருக்கிறது, அது மலிவான வேலை. ஜாயிண்ட் இறுக்கமாக இருந்து, பினியன் மட்டும் நிறைய ஆடினால் கிரவுன்-பினியன் பிளே (பற்களுக்கு இடையே இருக்கும் ஆட்டம்), ஸ்டார் கியர், சன் கியர், ஆக்சில் ஸ்ப்ளைன் என்று உள்ளே போக வேண்டும். லீஃப் ஸ்பிரிங் புஷ்ஷும் யூ போல்ட்டும் தளர்ந்தாலும் இதே சத்தம் வரும். அவற்றை முதலில் இறுக்கிப் பாருங்கள்.

ஒரு டயர் மட்டும் புதுசு போட்டேன். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நிறைய சம்பந்தம் இருக்கிறது. சீமைக்கருவேல முள் நம் ஊர் டயர்களின் பக்கச் சுவரைக் கிழித்துவிடும். கிழிந்த ஒன்றை மட்டும் மாற்றுவோம். புதுசு உயரமாக இருக்கும், பக்கத்தில் பாதி தேய்ந்தது குட்டையாக இருக்கும். நேர் ரோட்டிலும் இரண்டு சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற வேண்டியிருக்கும். காரைக்குடியிலிருந்து மதுரை போய் வரும்வரை எல்.எஸ்.டி. பிளேட்டுகள் ஓய்வில்லாமல் உரசிக்கொண்டே இருக்கும். ஆயில் சூடேறும், பிளேட் கருகும்.

ஒரே ஆக்சிலில் ஒரே கம்பெனி, ஒரே அளவு, ஒரே தேய்மானம் உள்ள டயர்கள் இருக்க வேண்டும். தையல்காரர் டேப்பை எடுத்து இரண்டு டயரின் சுற்றளவையும் அளந்து பாருங்கள், காற்றழுத்தம் சமமாக இருக்கும்போது. ஸ்டெப்னி சின்ன அளவு என்றால் அதைப் பின் ஆக்சிலில் போட்டு நெடுந்தூரம் ஓட்டாதீர்கள்.

என்ன ஆயில் ஊற்ற வேண்டும்? எப்படிப் பார்ப்பது?

பின் ஆக்சிலுக்கு ஜிஎல்-5 தரக் கியர் ஆயில். அதன் கெட்டித்தன்மை 80டபிள்யூ-90ஆ, 85டபிள்யூ-140ஆ என்பதைக் கையேடு சொல்லும். பிளேட் வகை என்றால் எல்.எஸ்.டி.க்கு உகந்தது என்று டப்பாவில் எழுதியிருக்க வேண்டும். அப்படி எழுதியிருந்தால் மேலே தனியாக ஃபிரிக்‌ஷன் மாடிஃபையர் ஊற்றாதீர்கள். கியர் வகைக்கும் தானியங்கிப் பூட்டுக்கும் அது தேவையில்லை.

போல்ட் கழற்றும்போது ஒழுங்கு முக்கியம். ஆயில் ஊற்றும் மேல் போல்ட்டை முதலில் கழற்றுங்கள். கீழே முதலில் ஆயிலை வடித்துவிட்டு, பிறகு அது துருப்பிடித்துக் கழலவில்லை என்றால், வெறும் ஆக்சிலோடு நிற்க வேண்டிவரும். சமதளத்தில், மேல் ஓட்டையின் கீழ் விளிம்புவரை ஆயில் இருக்க வேண்டும்.

வடித்த ஆயிலை மண்ணில் விடாமல் ஒரு தட்டில் பிடியுங்கள். அதுதான் உங்களுக்குக் கிடைக்கும் சிறந்த சாட்சி. காந்த போல்ட்டில் சாம்பல் நிறப் பசை மாதிரி ஒட்டியிருப்பது சாதாரணத் தேய்மானம். விரலில் குத்தும் செதில், பல்லின் துண்டு, பிளேட் தகட்டின் கிழிசல் எது இருந்தாலும் வண்டியை ஓட்டாமல் திறந்து பார்க்க வேண்டும். கருகிய வாடை அடித்தால் ஆயில் அளவுக்கு மேல் சூடாகியிருக்கிறது. டயர் வித்தியாசத்தைத் திரும்பப் பாருங்கள்.

கண்மாய்த் தண்ணீரில் இறங்கி ஏறினேன். ஏதாவது செய்ய வேண்டுமா?

ஹப் வரை தண்ணீர் வந்திருந்தால் ஆயிலைப் பார்த்தே ஆக வேண்டும். ஓடிச் சூடான ஆக்சில் குளிர்ந்த தண்ணீரில் இறங்கும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். பிரீதர் (ஆக்சிலுக்குள் காற்று போய்வரும் சின்னத் துளை) வழியாகவும், தேய்ந்த சீல் வழியாகவும் தண்ணீரை உறிஞ்சும். ஆயில் காபி நிறத்தில் கலங்கியிருந்தால் அன்றே மாற்றுங்கள். பேரிங் துருப்பிடிக்க ஆரம்பித்தால் அது பெரிய செலவு.

பிரீதரையும் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். செம்மண் சேறு காய்ந்து அடைத்துக்கொண்டால், உள்ளே அழுத்தம் ஏறி ஆயில் சீல் வழியாக வெளியே வரும். ஆக்சில் ஓரத்துச் சீலில் கசிந்தால் அது நேரே பின் பிரேக்குக்குள் போகும். பின்சக்கரத்தின் உள்பக்கம் ஆயில் வடிந்த தடம் இருந்தால் பிரேக் பிடிப்பைச் சோதிக்காமல் வண்டியை எடுக்காதீர்கள்.

வண்டி ஊரில் பூட்டிய வீட்டில் நிற்கிறது. படைப்புக்கோ கல்யாணத்துக்கோ வரும்போதுதான் எடுப்போம்.

கானாடுகாத்தான், பள்ளத்தூர், ஆத்தங்குடி என்று எங்கும் இப்படி வண்டிகள் நிற்கின்றன. சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்து இறங்கியதும், அதே மாலையில் பிள்ளையார்பட்டிக்கும் குன்றக்குடிக்கும் ஆச்சிகளை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். எனக்கு அது மனசு பதறும் விஷயம்.

மாதக்கணக்கில் நின்ற ஆக்சிலில் மேல் பேரிங்குகளில் ஆயில் இறங்கிப் போயிருக்கும், சீல்கள் காய்ந்திருக்கும். தரையில் ஆயில் சொட்டிய கறை இருக்கிறதா, பிரீதரில் குளவி கூடு கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். முதல் சில கிலோமீட்டர் நிதானமாக ஓட்டுங்கள். 'தட் தட்' என்று வந்து, ஓட ஓடக் குறைந்தால் அது ஒரே இடத்தில் நின்று தட்டையான டயர். ஓடிச் சூடாகியும் போகாவிட்டால் பேரிங்கைச் சந்தேகியுங்கள். ஆயில் பழையது என்றால், கிலோமீட்டர் எவ்வளவு குறைவாக ஓடியிருந்தாலும் மாற்றிவிடுவது நல்லது.

"கிரவுன்-பினியன், எல்.எஸ்.டி. எல்லாம் மாத்தணும்" என்று ஒர்க்‌ஷாப்பில் சொல்கிறார்கள். நம்பலாமா?

என்ன அளந்தார்கள் என்று கேளுங்கள். வடித்த ஆயிலைக் காட்டச் சொல்லுங்கள். கிரவுன்-பினியன் பிளேயை டயல் கேஜ் வைத்து அளக்க வேண்டும்; அந்த அளவு மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு என்ற கணக்கில்தான் இருக்கும், கையால் ஆட்டிச் சொல்ல முடியாது. பற்களில் சாயம் தடவிப் பொருத்தம் பார்த்தார்களா என்றும் கேளுங்கள். கிரவுனும் பினியனும் ஜோடியாக மட்டுமே மாற்றப்படும். ஒன்றை மட்டும் மாற்றுகிறேன் என்று சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

பிளேட் செட் மட்டும் தேய்ந்திருந்தால் அதை மட்டும் மாற்றலாம், உங்கள் வண்டிக்கு அது தனியாகக் கிடைக்கும் பட்சத்தில். கிடைக்காதபோது சாதா டிஃப்ரன்ஷியலைப் போட்டுத் தருகிறேன் என்பார்கள். வண்டி திருச்சிக்கும் மதுரைக்கும் மட்டும்தான் ஓடுகிறது என்றால் தாராளமாகச் செய்யலாம், கிரவுன்-பினியன் விகிதம் மாறாமல் இருந்தால் போதும். தோப்புக்கும் கண்மாய்க் கரைக்கும் மழையில் போகிற வண்டி என்றால் காத்திருந்து சரியான பாகத்தையே போடுங்கள்.